அலாரத்துக்கு வைத்த சந்தனம்

1

எட்மன்டனில் இந்த வருடம் குளிர் சீக்கிரமே வந்துவிட்டது. செப்டம்பர் கடைசியில், வீட்டைச் சூடாக்கும் எரிவாயு அடுப்பைக் கோடைக்குப் பிறகு முதல் முறையாக ஓடவிட்டேன். அது நிலவறையில் இருக்கிறது. அதன் வெதுவெதுப்பு குழாய் வழியாக எல்லா அறைக்கும் போகும். பொத்தானைத் தட்டிவிட்டு காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி காபி குடிப்பதற்குள் மாடிப்படிச் சுவரில் மாட்டியிருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்த ஆரம்பித்தது.

எனக்கு அறுபத்தொன்பது வயது. வாழ்நாளில் பெரும்பகுதி அந்த வாயுவோடு வேலை செய்தவன். கதவைத் திறந்து வெளியே போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நான் போகவில்லை. அலாரத்துக்குக் கீழே போய் நின்று அதன் முகத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். விரலால் தடவியும் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அதன் பிறகுதான் கால் நகர்ந்தது.

வாசல் புல்லில் நின்று தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் பேசினாள்.

"வீட்டில் யாருக்காவது தலைவலி, மயக்கம் இருக்கிறதா?"

"என் தங்கையின் கணவருக்கு" என்றேன்.

"அவர் இன்னும் வீட்டுக்குள் இருக்கிறாரா?"

"இல்லை. இந்தியாவில் இருக்கிறார். பெரம்பலூர் பக்கம்."

அவள் கேள்விகளை நிறுத்தினாள். பிறகு குழந்தையிடம் பேசுவது போல, "ஐயா, எங்காவது உட்காருங்கள். வண்டி வந்துகொண்டிருக்கிறது" என்றாள். முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலத்தில் பாடம் நடத்தியவன் நான். பயம் வந்தால் கேள்வி காதில் ஒரு மாதிரி விழுகிறது, பதில் வேறு எங்கிருந்தோ வருகிறது.

புகைபோக்கிக்குள் ஒரு பறவை கோடையில் கூடு கட்டியிருந்தது. புகை வெளியேற வழியில்லாமல் வீட்டுக்குள் திரும்பியிருக்கிறது. கூட்டை எடுத்தார்கள், ஜன்னல்களைத் திறந்து வைத்தார்கள், போய்விட்டார்கள். மறுநாள் நகராட்சியிலிருந்து ஒரு படிவம் வந்தது. கூட்டில் முட்டை இருந்ததா என்று அதில் ஒரு கேள்வி. இந்த நாட்டில் எதற்கும் ஒரு கட்டம் வைத்திருப்பார்கள். எனக்கு நடந்ததை எழுத அதில் கட்டம் இல்லை.

தீயணைப்புக்காரர்கள் சொல்லி, சாயங்காலம் டொராண்டோவிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அப்பா, இந்தியால யாரோ மயங்கிக் கிடக்கறாங்கன்னு சொன்னீங்களாமே? டாக்டர்கிட்ட ஒரு மெமரி டெஸ்ட் போட்டுடலாமா?" அவள் தமிழ் இப்போதெல்லாம் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைப்பது போல வருகிறது. என் ஞாபகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன். ஞாபகம் போனவர் தங்கராசு. என் தங்கை வேம்புவின் கணவர். அவருக்கு ஏன் போனது என்று அவளுக்கு நான் சொன்னதில்லை. யாருக்குமே சொன்னதில்லை.

2

இதே வாரத்தில்தான் தங்கராசுவின் மகன் பாலமுருகன் போன் செய்தான். பெரம்பலூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வேலை பார்க்கிறான். குரலில் ஒரே சந்தோஷம்.

"மாமா, நம்ம ஷெட்டைத் திரும்ப ஓட்டப் போறாங்க. ஆயுத பூசை போட்டுட்டு மறுநா ஸ்டார்ட். என்னைத்தான் ஆபரேட்டரா போட்டிருக்காங்க."

நான் முதலில் கேட்டது அலாரத்தைப் பற்றித்தான். "அலாரம் வாங்கிட்டாங்களா?"

"அலாரமா? அது யாருக்கு வேணும் மாமா. அதை நம்பித்தான அப்பாவுக்கு இப்படி ஆச்சு. நம்ம ஊரு வெயிலுக்கு அது ஒத்துக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க? பிரின்சிபால்கூட அதைத்தான் சொன்னாரு."

"அப்புறம் வாயு கசிஞ்சா எப்படிடா தெரியும்?"

"மூக்கு இருக்குல்ல? இப்ப போடுற கேட்டலிஸ்ட்டுக்கு வாயுல கந்தகம் கலந்துதான் ஓட்டணும். அழுகுன முட்டை நாத்தம் கொடலைப் புடுங்குது. வாடை வந்தா ஓடி வந்துட மாட்டோமா."

நான் ஏதோ சொல்லிப் போனை வைத்தேன். அந்த வாடை கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும். வாயு இருக்கும், வாடை மட்டும் இருக்காது. கார்பன் மோனாக்சைடுக்கோ முதலிலிருந்தே வாடை கிடையாது. அந்தப் பையன் அலாரம் இல்லாமல் அந்தக் கொட்டகைக்குள் போகப் போகிறான். அலாரத்தின் மேல் அவனுக்கு நம்பிக்கை போனதற்குக் காரணம் நான் சொன்ன ஒரு பொய். ஆயுத பூசைக்கு இரண்டு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது.

3

நான் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது புரியாது.

விறகையோ நிலக்கரியையோ போதாத காற்றில் எரித்தால் ஒரு வாயு வரும். அதில் முக்கியமாக இரண்டு சரக்கு: ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு. இதைத் தொகுப்பு வாயு என்பார்கள். இதைச் சூடாக்கி, அழுத்தி, ஒரு குழாயில் நிரப்பிய கறுப்பு மணிகளின் மேல் செலுத்தினால் மறுமுனையில் ஆல்கஹால் சொட்டும். அந்தக் கறுப்பு மணிகள்தான் வினையூக்கி. என்னுடையது செம்பும் துத்தநாகமும் அலுமினாவும் கலந்தது, கூடவே துளி பொட்டாசியம். மெத்தனாலோடு நிற்காமல் அடுத்தடுத்த ஆல்கஹால்களும் வர வேண்டும் என்பதற்காக அந்தத் துளி. அந்தத் துளியின் அளவுக்காகவே என் பாதி வாழ்க்கை போயிற்று.

செம்பு வினையூக்கி மாதிரி நோஞ்சான் பிள்ளை உலகத்தில் கிடையாது. கந்தகம் பட்டால் செத்துப்போகும். சூடு கொஞ்சம் கூடினால் அதன் செம்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சோம்பிவிடும். எல்லாவற்றையும் விடக் காற்று. தயாரான வினையூக்கியில் காற்று பட்டால் தானே கொதித்துச் சிவந்து, மாதக்கணக்கில் செய்த வேலை ஒரு நிமிடத்தில் கருகிவிடும். அதனால் காற்று என்றாலே பயந்து பயந்து வாழ்ந்தேன். இங்கே ஆய்வகத்தில் என் மாணவர்கள் கேலி செய்வார்கள், நான் தூக்கத்தில்கூட வால்வை மூடுவேன் என்று.

ஓய்வு பெற்ற பிறகு, மனைவியும் போய்விட்ட பிறகு, சொந்தப் பக்கத்தில் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. பெரம்பலூர் சுற்றுவட்டாரத்தில் பருத்தி எடுத்த பிறகு, மார் என்கிற காய்ந்த செடியைப் பிடுங்கி மலைமலையாகப் போட்டு எரிப்பார்கள். அதிலிருந்து வாயு, வாயுவிலிருந்து ஆல்கஹால். அந்தக் கல்லூரி இடம் கொடுத்தது. நெடுஞ்சாலை ஓரமாக ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு கொட்டகை. வாசலில் நின்றால் ரஞ்சன்குடிக் கோட்டை தூரத்தில் கல்லுக் குவியலாகத் தெரியும். பத்து வருடத்துக்கு முன், 2003-ல், அரியலூரில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, பெரிய பெட்டியோடு அங்கே போய்ச் சேர்ந்தேன். பெட்டிக்குள் வினையூக்கி, அழுத்தமானிகள், ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம்.

கொட்டகைக்குப் பொறுப்பாக யாரை வைப்பது என்றபோது நான்தான் தங்கராசுவைச் சொன்னேன். பருத்திக்காரர், பம்புசெட் மோட்டாரைப் பிரித்துப் பூட்டுகிற கை, எல்லாவற்றையும் விட எங்கள் வீட்டு மாப்பிள்ளை. அவருக்கு அந்தக் கொட்டகை மேல் ஒரு கர்வம். ஊரில் அதைச் சாராய ஃபேக்டரி என்று கிண்டல் செய்வார்கள். அவர் சளைக்க மாட்டார். "ஆமாய்யா, ஒரு சொட்டு நாக்குல வச்சா கண்ணு அவிஞ்சுடும். வர்றியா, ஊத்தித் தரேன்?"

அலாரத்தைச் சுவரில் மாட்டி அவருக்குக் காட்டினேன். கைக்கடக்கமான மஞ்சள் பெட்டி. மேலே எண் தெரியும் சின்னத் திரை. அதன் கீழே, முகத்தின் நடுவில், வட்டமான சல்லடை. காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகும்.

"மாப்ள, பூஜ்யம்னு காட்டுச்சுன்னா தைரியமா உள்ள போங்க. எண்ணு ஏறுச்சுன்னா ஓடி வந்துடுங்க. வேற எதையும் யோசிக்க வேணாம்."

"பூஜ்யம்னா உள்ள, ஏறுனா வெளிய" என்று திருப்பிச் சொன்னார். சொன்னபடியே கடைசிவரை நடந்துகொண்டார்.

4

ஆயுத பூசைக்குக் கொட்டகையைக் கழுவி, மாவிலை கட்டி, பொரி கடலை எல்லாம் வந்துவிட்டது. நம் பக்கத்துப் பழக்கம் உங்களுக்கே தெரியும். அன்று எந்தக் கருவியும் வேலை செய்யக் கூடாது. சந்தனம், குங்குமம் வைத்து, படையல் போட்டு, மறுநாள் காலையில் மறுபடி சூடம் காட்டிவிட்டுத்தான் தொட வேண்டும்.

உலையை, அதாவது வினையூக்கி நிரப்பிய குழாயை, நிறுத்தினால் உள்ளே நைட்ரஜனை நிரப்பி வைப்பதுதான் முறை. திருச்சியிலிருந்து வர வேண்டிய நைட்ரஜன் சிலிண்டர் வரவில்லை. பூசைக்கு லாரிக்காரனும் லீவு. எனக்கு ஒரே பயம்தான் தெரிந்தது: காற்று உள்ளே போய்விடுமே என்று. "இருக்கிற வாயுவையே அழுத்தத்தோட உள்ள வச்சு மூடிடுங்க" என்றேன். அதோடு இணைந்த சேமிப்புக் கலனும் வாயு நிறைய இருந்தது. சூடாக இருக்கையில் இறுக்கிய போல்ட் ஆறும்போது தளரும், அந்த இடுக்கில் வாயு கசியும் என்பது முதல் வருட மாணவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

தங்கராசு சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு கூட வந்தார். பெரிய மனுஷன், வெளிநாட்டிலிருந்து வந்தவர், அவர் கையால் வைக்கட்டும் என்று எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். கம்ப்ரசருக்கு வைத்தேன். உலைக்கு வைத்தேன். ஸ்பேனர்களுக்கு வரிசையாக வைத்தேன். முப்பது வருடம் ஆயுத பூசை பார்க்காதவன். கண் கலங்கியது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ.

"அதுக்கும் வைங்க மச்சான்" என்று சுவரைக் காட்டினார். "அதுவும் நமக்காக ராப்பகலா முழிச்சுக்கிட்டு இருக்குல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கட்டை விரலில் சந்தனத்தை வழித்து எடுத்தேன். அந்தப் பெட்டியின் முகத்தில் நெற்றி மாதிரி இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். வட்டமான சல்லடை. அங்கே அழுத்தி வைத்தேன். அதன் மேல் குங்குமம்.

அதற்காகச் சாக்குச் சொல்லவில்லை. அந்தச் சல்லடை எதற்கு என்று அங்கே இருந்தவர்களில் எனக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் நான் பூசை செய்கிறவனாக இருந்தேன். விரல் வைத்த பிறகு ஒரு கணம் உறுத்தியது. துடைக்கலாம் என்று நினைத்தேன். வைத்த பொட்டைத் துடைப்பதா, வெளிநாடு போனவனுக்கு எல்லாம் மறந்துவிட்டது என்பார்களே என்று கூசினேன். பிறகு பூசணிக்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள். காற்றை வெளியே தள்ளும் ஃபேனையும் நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

5

காலையில் மறுபூசைக்காகத் தங்கராசு எனக்கு முன்பே போய்விட்டார். நான் வேம்பு போட்ட இட்லியைச் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் போனேன். கொட்டகை வாசலில் அவர் செருப்பு கிடந்தது. பூசை நடந்த இடம் என்பதால் கழற்றிப் போட்டிருக்கிறார். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பொரி தின்றுகொண்டிருப்பார் என்று நினைத்து, வாட்ச்மேனோடு நின்று மழையைப் பற்றிப் பேசினேன். அந்தப் பேச்சு இன்னும் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "நேத்து அரியலூர் பக்கம் நல்ல மழையாம் சார்." "அப்படியா, இங்க வரலியே." அவ்வளவு நேரமும் அவர் உள்ளே கிடந்திருக்கிறார்.

படையலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். முகம் நன்றாகச் சிவந்து, அயர்ந்து தூங்குகிறவர் போல. அந்தச் சிவப்பு கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தின் நிறம் என்று எனக்குத் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நானும் வாட்ச்மேனும் அவரை இழுத்து வெளியே போட்டோம். அலாரம் பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது.

அவரை வேனில் ஏற்றும்போது நான் செய்ததை எழுத வேண்டும். வால்வை மூட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, கதவை விரியத் திறந்துவிட்டு மறுபடி உள்ளே போனேன். வால்வை மூடினேன். என் கண் முதலில் போனது உலையின் வெப்பமானிக்கு: வினையூக்கிக்குள் காற்று போய்விட்டதா என்று. பிறகுதான் அலாரத்தைப் பார்த்தேன். வேட்டி நுனியை எடுத்து அந்தச் சந்தனத்தைச் சுத்தமாகத் துடைத்தேன். சல்லடைக் கண்ணுக்குள் போனதை நகத்தால் எடுத்தேன். துடைத்த கொஞ்ச நேரத்தில் எண் ஏறி அலாரம் அலறியது. அதை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

தங்கராசு பிழைத்தார். பழையது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. கல்யாணம், பருத்தி விதை, என் பட்டப்பெயர். புதிதாக எதைச் சொன்னாலும் நிற்பதில்லை. கல்லூரியில் கேட்டார்கள், அலாரம் ஏன் அடிக்கவில்லை என்று. "இந்த ஊர் வெயிலுக்கு அது சரிப்படலை" என்றேன். படித்தவன் சொன்னான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அந்த வாரமே பெட்டியைக் கட்டினேன்.

6

பாலமுருகனுக்குச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்த பிறகும் நாட்கள் போயின. போனை எடுப்பேன், வைத்துவிடுவேன். இங்கே வழக்கமான வேலைகள் நடந்தன. கடைக்குப் போனேன், இலை கூட்டினேன், படிவத்தில் முட்டை இல்லை என்று எழுதி அனுப்பினேன். ஒரு புது அலாரம் வாங்கிக் கூரியர் ஆபீசுக்குப் போனேன். அபாயகரமான பொருளா என்று அங்கிருந்த பெண் கேட்டாள். அபாயத்தைக் காட்டுகிற பொருள் என்றேன். அப்படி ஒரு வகை கம்ப்யூட்டரில் இல்லை என்றாள். கடைசியில் மின்சாதனம் என்று போட்டு அனுப்பிவைத்தாள்.

பெட்டி வந்தாலும் அவன் மாட்ட மாட்டான் என்று தெரியும். பொய் அங்கே அப்படியே இருக்கிறதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கே சாயங்காலம், போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று நிறுத்தாமல் சொன்னேன்.

பாலமுருகன் கடைசிவரை கேட்டுக்கொண்டான். பிறகு கேட்டான். "அந்தச் சல்லடை எந்த இடத்துல இருக்கும் மாமா?"

"முன்னாடி. நடுவுல."

"புதுசுலயும் அதே இடமா?"

"அதே இடம்."

"சரி" என்றான். "அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. அவங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

வேம்புவுக்கு இரண்டாம் முறை சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. "அன்னிக்கு உங்க வேட்டி நுனியில சந்தனக் கறை இருந்துச்சு" என்றாள். "நாந்தான் துவைச்சேன். பூசையில பட்டதுன்னு நெனச்சேண்ணே. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து, அழுதுகிட்டே துவைச்சேன்."

அவளுக்குப் பின்னால் தங்கராசுவின் குரல் கேட்டது.

"அவரு கேக்கறாரு யாரு போன்லன்னு. அவருகிட்டயும் சொல்லுங்க."

தங்கராசு எப்போதும் போலவே ஆரம்பித்தார். "மச்சான், எப்ப வந்தீங்க? மிஷினு ஓடுதா?" மூன்றாம் முறை சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "சந்தனம் வச்சதுக்கா மனசைப் போட்டு ஒழப்பிக்கிறீங்க? நாந்தான வைக்கச் சொன்னேன்." அது மட்டும் எப்படியோ அவரிடம் நின்றிருக்கிறது. அடுத்த மூச்சில், "மச்சான், எப்ப வந்தீங்க?" என்றார்.

வேம்பு போனை வாங்கினாள். "இப்பவே மறந்துட்டாரு. அடுத்த வாரமும் சொல்லுங்க. அதுக்கு அடுத்த வாரமும். எங்கிட்ட ஒரு தடவை சொன்னாப் போதும். அவருக்கு எல்லா தடவையும் சொல்லணும்."

ஆயுத பூசை அன்று இங்கே முதல் பனி விழுந்தது. நான் போனுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். கல்லூரித் தாளாளர், பூசை அன்று ஃபேன் ஓடலாமா, கதவைத் திறந்து போடலாமா என்று கேட்டாராம். "சாமிக்கும் காத்து வேணும்ல சார்" என்று பாலமுருகன் சொன்னானாம். அப்பாவின் வாய் அப்படியே இருக்கிறது. புது அலாரத்துக்குப் பொட்டு வைக்கவில்லை. பொட்டை அதன் பக்கத்தில் சுவரில் வைத்திருக்கிறான். மறுநாள் கொட்டகைக்குள் போய்விட்டு வந்து போன் செய்தான். "போயிட்டு வந்துட்டேன் மாமா" என்று மட்டும் சொன்னான். போனை வைத்துவிட்டான். முன்பு போல அவன் இனி பேசுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் தங்கராசுவிடம் சொல்கிறேன். ஒரு வாரம் சிரித்தார். ஒரு வாரம், "அப்ப அது பூஜ்யம்னுதான காட்டுச்சு, நான் சரியாத்தான போனேன்?" என்று கேட்டார். சரியாகத்தான் போனீர்கள் என்றேன். போன வாரம் முழுவதையும் கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் போனை வேம்புவிடம் கொடுத்துவிட்டார். அது மறதியா, புரிந்ததா என்று அவளுக்கும் தெரியவில்லை.

நாளை ஞாயிறு. எத்தனை முறை சொன்னாலும் பயம் குறையவில்லை. அவர் எப்போதும் முதல் முறையாகத்தான் கேட்கிறார்.